முஸ்டாங்கைப் பழக்குறவங்க

நான் இருக்கிறது அமெரிக்கால, நெவாடா மாநிலத்துல ரீனோ பக்கம். இங்கருந்து தெக்க கொஞ்ச தூரம் போனா கார்சன் சிட்டி, அங்க ஜெயில் கைதிங்க காட்டுக் குதிரைங்கள பழக்கி பொது ஏலத்துல தத்து குடுக்குறாங்க. ஏலம் வந்தா போயிடுவேன், வாங்கிக் கட்ட இடம் இல்ல, பாக்குறதுக்காகவே போவேன்.

இந்தக் குதிரைங்களுக்குப் பேரு முஸ்டாங். அந்தக் காலத்துல ஸ்பெயின்காரங்க கொண்டு வந்ததுல தப்பிச்சு ஓடினது, அப்புறம் பண்ணைக்காரங்க அவுத்து விட்டது, எல்லாம் கலந்து வந்த வம்சம். ஒரு காலத்துல வண்டிலயும் ஏரோப்ளேன்லயும் துரத்திப் புடிச்சு கறிக்கு அனுப்பிட்டு இருந்தாங்க. வெல்மா ஜான்ஸ்டன்னு இந்த ஊர் அம்மா ஒருத்தங்க விடாம போராடி 1959-ல ஒரு சட்டம், 1971-ல இன்னும் பலமா ஒரு சட்டம் வந்துச்சு. அப்படிப் புடிச்சு கறிக்கு அனுப்புறது நின்னுச்சு. ஆனா அடிச்சுத் தின்ன பெரிய மிருகம் அவ்வளவா இல்லாததால நாலஞ்சு வருஷத்துல எண்ணிக்கை இரட்டிப்பாயிடும், புல்லும் தண்ணியும் கம்மியான பூமி வேற. மேற்கு மாநிலங்கள் எல்லாம் சேத்து, காட்டுக் கழுதையும் உட்பட 25,500 போல தான் தாங்கும்னு பி.எல்.எம் (பொது நிலத்த பாத்துக்குற மத்திய அரசு அமைப்பு) கணக்கு, 2024-ல வெளிய இருந்தது 73,000-க்கு மேல. அதனால ஹெலிகாப்டர் வச்சு ஓட்டிப் புடிக்கிறாங்க. புடிச்சது 60,000-க்கு மேல பட்டிலயும் வாடகை மேய்ச்சல் நிலத்துலயும் நிக்குது. அதுல நிறைய அங்கயே வயசாகிப் போகும், எனக்கு மனசு கேக்காத விஷயம் இது தான்.

பழக்கினா அதுக்கு ஒரு வீடு கிடைக்கிற வாய்ப்பு கூடுது. கார்சன் சிட்டில ஒரு குதிரைக்கு நாலு மாசம் போல ஆகும், பழக்குற ஆளுங்கள்ல பல பேரு அதுக்கு முன்னாடி குதிரைய தொட்டதே இல்ல.

அடிச்சுப் பழக்குறது இல்லங்க இது. குதிரை இரையாப் பொறந்த ஜீவன், மனுஷன் நேரா கண்ணப் பாத்து நடந்து வந்தாலே அதுக்கு ஆபத்து வருதுன்னு தான் அர்த்தம், அதனால வட்டமான பட்டிக்குள்ள ஆள் பக்கவாட்டுல மெதுவா ஒரு அடி கிட்ட வருவாரு, குதிரை ஓடாம நின்னு ஒரு காதை இவர் பக்கம் திருப்பினா போதும், உடனே பின்னாடி போயிடுவாரு. அந்தப் பின்வாங்கல் தான் பாடம். அழுத்தம் குடுத்ததுல இல்ல, எடுத்த நிமிஷத்துல தான் அது கத்துக்குது. அரை நொடி லேட்டா எடுத்தா தப்பானத கத்துக்கும். வாயை அசைச்சு நாக்கால நக்கி, தலைய கீழ போட்டா பதட்டம் இறங்குதுன்னு தெரிஞ்சுக்கலாம். அப்புறம் கழுத்துல ஒரு கை, தலைக்கயிறு, ஒவ்வொரு காலா தூக்கி குளம்பு காட்ட வைக்கிறது, ட்ரெய்லர்ல ஏத்துறது, கடைசில தான் சேணம். பாக்குறவங்க சேணத்தத் தான் பெருசா நெனப்பாங்க, எனக்கு காலைத் தூக்கிக் குடுக்குறது தான் பெருசு. ஓடித் தப்பிக்கிற உசுரு அதோட காலை இன்னொருத்தன் கைல குடுக்குதே.

பழகினதுங்க எங்கெங்கயோ வேலைக்குப் போகுது. எல்லைக் காவல் படை இதுல ரோந்து போறாங்க, கல்லுல நடந்து வளந்த குளம்பு, கெட்டியா இருக்கும். கலிஃபோர்னியா பார்ஸ்டோல மரைன் படையோட கொடி அணிவகுப்புக்கும் முஸ்டாங் தான். 2007-லருந்து பழக்குறவங்களுக்குன்னு போட்டியே நடத்துனாங்க, காட்டுலருந்து வந்த குதிரைய நூறு நாள் போல வச்சுப் பழக்கி மேடைக்குக் கொண்டு வரணும்.

எனக்கு கோவம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. 2019-ல பழகாத குதிரைய தத்தெடுத்தா ஆயிரம் டாலர் தர்றதா ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. ஒரு வருஷம் வச்சிருந்தா தான் உரிமைப் பத்திரம் கைக்கு வரும், அது வந்ததும் சில பேரு கறிக்குப் போற சந்தைல கொண்டு போய் வித்துட்டாங்க. 2025-ல கோர்ட்டு அந்தத் திட்டத்த ரத்து பண்ணிடுச்சு, நல்லது. அந்தக் காசை பழக்குறவங்க கைல குடுத்திருக்கணும்ங்கறது தான் என் கருத்து, இன்னைக்கும்.

அமெரிக்கால இடம் வச்சிருக்கிற நம்மாளுங்க யாராவது யோசிச்சா, பழகாத பெரிய குதிரைக்கு ஆறடி உயர வேலி கட்டாயம், 125 டாலர்ல கிடைக்குதேன்னு அத எடுக்காதீங்க. கூடக் குடுத்தாலும் பழகினதையே எடுங்க, முதல்ல ஒரு ஏலத்துக்குப் போய் சும்மா நின்னு பாருங்க.