எங்கள் ஊர்க் குளமும் ஒரு வர்க்கமூலக் கணக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்று இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கினால்தான் கோடையில் கிணற்றில் நன்னீர் இருக்கும். அந்த மழையைத் தேக்கி நிலத்துக்குள் இறக்குபவை குளங்கள். வலிகாமத்தில் உள்ள எங்கள் ஊர்க் குளம் சேறு படிந்து பாதி தூர்ந்து கிடந்தது. அதைத் தூர்வாரினால் காசு கொடுத்தவரின் கிணறும் ஊறும், கொடுக்காதவரின் கிணறும் ஊறும். அதனாலேயே எவரும் முதலில் கை வைக்கவில்லை.

ஊரில் காசு வராமல் இல்லை. வெளிநாட்டில் வாழும் எங்கள் ஊரவர்களின் ஒன்றியம் ஆண்டுதோறும் அனுப்புகிறது. ஆனால் அனுப்பும்போதே நுழைவாயில் வளைவுக்கு, மண்டபத்துக்கு, மதிலுக்கு என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். இரவு வேலை செய்து சேர்த்த காசில் தகப்பனின் பெயர் ஊரில் நிலைக்க வேண்டும் என்று ஒருவர் நினைப்பதில் எனக்குக் குறை தெரியவில்லை. இங்கே தினமும் தண்ணீர் அள்ளுபவர்கள் தங்களுக்கு எது முதலில் வேண்டும் என்று சொல்ல வழி இல்லாததுதான் குறை.

நான் சனசமூக நிலையத்தின் செயலாளர். பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர்தான் அந்த வழியைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். விட்டாலிக் பியூட்டரின், சோயி ஹிட்சிக், கிளென் வைல் ஆகிய மூவர் 2018இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் உள்ள முறை அது. திறந்த மூல மென்பொருள் எழுதுபவர்களுக்கு நிதி பிரிக்க, கிட்காயின் என்ற தளம் 2019 முதல் அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறது. முதலில் ஒரு பொது நிதி. பிறகு ஊரவர் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய திட்டத்துக்குச் சிறு தொகை கொடுப்பார்கள். ஒவ்வொரு தொகைக்கும் வர்க்கமூலம் எடுத்து, அவற்றைக் கூட்டி, கூட்டுத்தொகையை வர்க்கிக்க வேண்டும். வரும் எண்ணில் நேரடியாகக் கிடைத்த காசைக் கழித்தால் மிஞ்சுவதே அந்தத் திட்டத்துக்குரிய மேலதிகம். பொது நிதி அவ்வளவுக்குப் போதாது. ஆகவே இருக்கும் நிதியைத் திட்டங்களின் மேலதிகங்களுக்குரிய விகிதத்தில் பிரித்துக் கொடுப்பார்கள்.

இளைப்பாறிய கணித ஆசிரியர் ஒருவர் எழுந்து கரும்பலகையில் போட்டுப் பார்த்தார். நூறு பேர் நூறு ரூபா வீதம் கொடுத்தால் கையில் வருவது 10,000 ரூபா. வர்க்கமூலங்களின் கூட்டு 1,000. அதன் வர்க்கம் பத்து இலட்சம். அதே 10,000 ரூபாவை ஒருவரே கொடுத்தால் வர்க்கமூலம் 100, வர்க்கம் மறுபடியும் 10,000.

“அப்படியென்றால் தனியாளுக்கு மேலதிகமாக ஒரு சதமும் இல்லையா, தம்பி?” என்று கேட்டார்.

“இல்லை, மாஸ்டர்.”

“இது நல்ல கணக்கு” என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். அதன் பிறகு கூட்டத்தில் எவரும் மறுக்கவில்லை.

ஒன்றியத்தைச் சம்மதிக்க வைக்கப் பல இரவுகள் தொலைபேசியில் பேசினோம். அவர்கள் பொது நிதியைத் தருவார்கள், எதற்கு என்று சொல்லமாட்டார்கள். வளைவு கட்ட விரும்பியவருக்கு அது வருத்தம். வளைவையும் ஒரு திட்டமாகப் பட்டியலில் சேர்ப்போம், தெரிவது ஊரின் வேலை என்றோம். மனம் ஒப்பாமலே சம்மதித்தார்; ஆனாலும் நிதியில் பெரும் பங்கு அவருடையதே. அந்தப் பெருந்தன்மையை இங்கே எழுதாமல் விட முடியாது.

உண்மையான சிக்கல் ஆட்களை எண்ணுவதில் இருந்தது. ஒருவர் 10,000 ரூபாவைப் பத்துப் பெயரில் ஆயிரம் ஆயிரமாகப் பிரித்துப் போட்டால், இந்தக் கணக்கில் அது ஓர் இலட்சமாகிவிடும். இணையத்தில் இந்த முறையை நடத்துபவர்களுக்கும் போலிக் கணக்குகளே பெரிய தலைவலி. எங்களுக்கு ஒரு வசதி: ஊரில் யார் எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு குடும்பத்துக்கு ஒரு உறை என்று தீர்மானித்து, குடும்பப் பதிவை எடுத்து வைத்துப் பட்டியல் எழுதினோம்.

அப்போதுதான் அடுத்த கேள்வி வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, இன்னும் எங்கள் ஊரில் பிறர் காணியில் இருக்கும் குடும்பங்கள் சில உண்டு. அவர்களின் பதிவு இங்கே இல்லை. அவர்களைச் சேர்க்கக்கூடாது என்று சிலர் உறுதியாக நின்றார்கள். எனக்குக் கோபமே வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் கிணற்றில் அள்ளிக் குடிப்பவர்களுக்கு எங்கள் குளத்தைப் பற்றிப் பேச உரிமை இல்லையா? நீண்ட வாக்குவாதத்தின் முடிவில், இந்தக் குறிச்சிக் கிணறுகளில் தண்ணீர் எடுக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒன்று என்று எழுதினோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பொது நிதிக்கு மட்டும் கொடுக்கலாம். இந்த ஒரு வரிக்காகச் செலவழித்த நேரம், சூத்திரத்தைப் புரிந்துகொள்ளச் செலவழித்ததைவிட மிக அதிகம். செலவழித்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

யார் எவ்வளவு போட்டார் என்பதை வெளியே சொல்லவில்லை. கோயில் உபயப் பலகை போல எழுதி வைத்தால், இல்லாதவர் கடன் பட்டாவது போடுவார். இருப்பவர் அயலவரை நெருக்குவார். இலக்கமிட்ட உறைகளை நிலையத்தில் வைத்து, மூவர் முன்னிலையில் திறந்தோம். ஐம்பது ரூபா உறைகளும் இருந்தன. 5,000 ரூபா அதைப் போல நூறு மடங்கு. ஆனால் வர்க்கமூலம் எடுத்தால் பத்து மடங்கே. அந்த உறைகளைத் திறந்தபோது இந்த முறைமீது எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

குளம் முதலாவதாக வந்தது. இரண்டாவது, ஒழுங்கைகளுக்கான தெருவிளக்கு. அது பிரதேச சபையின் கடமை, ஊர்க் காசில் செய்யக்கூடாது என்பது என் கருத்து. மாலை வகுப்பு முடிந்து வரும் பெண்பிள்ளைகளின் தாய்மார் கேட்டது அதுதான் என்பதால் பேசாமல் இருந்தேன். வாசிகசாலைக் கூரைக்கும் கொஞ்சம் கிடைத்தது. வளைவுக்குப் பெரிய தொகைகள் வந்தன. கொடுத்தவர்கள் ஒரு சிலர் என்பதால் மேலதிகம் சொற்பமே.

பிறகு நடந்தது வழக்கமான அலைச்சல். கிராம அலுவலரின் கடிதம், கமநல சேவை நிலையத்தின் அனுமதி, இரண்டு கையெழுத்து வேண்டும் என்ற நிபந்தனையுடன் வங்கிக் கணக்கு. ஓர் அலுவலகத்தில் எங்கள் கோப்பு காணாமல் போய், மறுபடியும் முதலிலிருந்து எழுதிக் கொடுத்தோம். மண்ணை வெளியே ஏற்றத் தனி அனுமதி வேண்டும் என்பதால், வாரிய சேற்றைக் குளக்கட்டை உயர்த்தவே பயன்படுத்தினோம். மாரி தொடங்குமுன் பெக்கோ வேலை முடிந்தது. செலவுப் பற்றுச்சீட்டுகள் எல்லாம் நிலையத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன. ஒன்றியத்துக்கும் பிரதி போயிருக்கிறது.

அடுத்த சுற்றில் பொது நிதியில் ஒரு பகுதியை, ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கென்று ஒதுக்க முன்மொழிந்திருக்கிறேன். ஆப்டிமிசம் என்ற கிரிப்டோ வலையமைப்பு 2021இல் அப்படி ஒரு நிதிச் சுற்றைத் தொடங்கியது. எங்கள் ஊரில் வெள்ள வாய்க்காலை யாரும் கேட்காமலே துப்புரவு செய்த இளைஞர்களுக்கு முதலில் அதைக் கொடுக்க வேண்டும். தைப்பொங்கலுக்குப் பிறகு வரும் பொதுக்கூட்டத்தில் அது வாக்கெடுப்புக்கு வருகிறது.