மின்கம்பத்தில் கிழித்த மூன்று கோடுகள்

சென்னையில் நான் வளர்ந்த தெருவின் நடுவில் ஒரு மின்கம்பம் இருக்கிறது. அதில் கரித்துண்டால் கிழித்த மூன்று கோடுகள்தான் பல ஆண்டுகள் எங்களுக்கு ஸ்டம்ப். இன்று அந்தக் கம்பத்தை ஒட்டி உறை போர்த்திய கார் ஒன்று நிற்கிறது. என் அக்கா மகனுக்கு 13 வயது. பள்ளி விட்டு வந்ததும் செல்பேசியோடு கட்டிலில் சாய்ந்துவிடுகிறான் என்று அக்கா குறைபட்டுக்கொள்ளும்போதெல்லாம், அவன் இறங்கி ஓட இடம் எங்கே இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

சென்ற மாதம் நாடாவை எடுத்துக்கொண்டு போய்த் தெருவை அளந்தேன். அகலம் 24 அடி. ஒரு காருக்கு ஏறக்குறைய 6 அடி போக, இருபுறமும் வண்டிகள் நின்றால் எஞ்சுவது 12 அடி. பிரதான சாலையின் நெரிசலுக்குத் தப்பிக் குறுக்கே புகும் ஆட்டோக்களும் தண்ணீர் லாரியும் உணவு கொண்டுவரும் பைக்குகளும் அந்த 12 அடிக்குள்தான் விரைகின்றன. நடைபாதை என்று ஒன்று இருந்த இடத்தில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் கார் ஏறுவதற்குச் சாய்தளம் கட்டியிருப்பதால், நான்கு அடிக்கு ஒருமுறை ஏறி இறங்காமல் அதில் நடக்கவும் முடியாது.

வளரும் பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை வருத்தி இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் இது 85 சதவீதம். விளக்கு எரியாத, இருபுறமும் உயர்ந்த மதில்கள் மட்டுமே உள்ள தெருவில் மாலை ஆறரை மணிக்கு மகளைத் தனியே சைக்கிளில் அனுப்பத் தயங்கும் தாயை நான் குறை சொல்ல மாட்டேன்.

தெருவை வேறு விதமாகவும் அமைக்கலாம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தார் 1960களின் இறுதியில் தங்கள் குடியிருப்புத் தெருக்களில் மரத்தொட்டிகளையும் வளைவுகளையும் வைத்து வண்டிகளின் வேகத்தைக் குறைத்தார்கள். அத்தகைய தெருவின் முழு அகலத்திலும் நடக்கலாம், குழந்தைகள் விளையாடலாம், வண்டிகள் நடை வேகத்தில்தான் செல்ல வேண்டும் என்று 1976இல் சட்டமே வந்தது. சென்னை மாநகராட்சியும் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை 2014இல் ஏற்றது. 2019இல் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதைகள் திறக்கப்பட்டன. அங்கே நடப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. ஆனாலும் அது கடைவீதி. பிள்ளைகள் அன்றாடம் இறங்குவது வீட்டு வாசலில்.

போன கோடையில் குழாய் பதிப்பதற்காக எங்கள் தெருவின் ஒரு முனையைத் தோண்டித் தடுப்பு வைத்திருந்தார்கள். குறுக்கே புகும் வண்டிகள் நின்றுபோயின. மூன்றாம் நாள் மாலை பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் தெருவில் இருந்தார்கள். அதுவரை ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. அக்கா மகன் செல்பேசியை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கினான். இருட்டிய பிறகு, முழங்காலில் சிராய்ப்போடு மேலே ஏறி வந்தான். பள்ளத்தை மூடித் தடுப்பை எடுத்த அன்றே ஆட்டோக்கள் திரும்பிவிட்டன.

ஞாயிறுதோறும் மாலை 4 மணி முதல் 7 மணி வரையாவது அதே முனையை மூடித் தருமாறு ஒரு மனு எழுதியிருக்கிறேன். இதுவரை ஒன்பது வீட்டார் கையொப்பமிட்டிருக்கிறார்கள்; உறை போர்த்திய காரின் உரிமையாளரையும் இந்த வாரம் நேரில் பார்த்துக் கேட்கப் போகிறேன்.