பழைய தெருவில் புதுப்பாணி வீடு: முதலில் அளவெடுங்கள்

புதுப்பாணி வீடு பழைய தெருவோடு ஒட்டாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தட்டைக் கூரையும் பெரிய கண்ணாடியும் செய்யாத குற்றத்தைத் தப்பான உயரமும் தப்பான அகலமும் செய்துவிடுகின்றன.

பிளான் போடும் முன்பே டேப்போடு தெருவில் இறங்குங்கள். மனைக்கு இருபுறமும் மும்மூன்று வீடுகளை 1:100 அளவில் ஒரே தாளில் வரிசையாக வரையுங்கள் (தெருவில் ஒரு மீட்டர், தாளில் ஒரு செ.மீ.). தெருவோரத்திலிருந்து முகப்புச் சுவர் எவ்வளவு தள்ளியிருக்கிறது, தெருவிலிருந்து வீட்டுத் தரையின் உயரம், ஜன்னலின் மேல்விளிம்பு, கூரையின் முன்விளிம்பு எல்லாம் அதில் வர வேண்டும். எட்டாத உயரத்துக்கு லேசர் மீட்டர். பூசாத சுவரென்றால், கலவையோடு சேர்த்து ஒரு செங்கல் வரிசையை அளந்து, வரிசைகளை எண்ணிப் பெருக்கினாலே போதும்.

அதிகம் சறுக்குவது உயரத்தில்தான். தெருவிலிருந்து வீட்டுத் தரை 0.45 மீட்டர், இரண்டு தளம் 6 மீட்டர், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் 1 மீட்டர்: ஆக 7.45. பக்கத்து ஓட்டு வீட்டின் கூரை விளிம்பு 5.5 மீட்டரில் இருக்கலாம். அதன் உச்சி உங்கள் வீட்டைவிட உயரமாகவே இருக்கட்டும். சாய்வு பின்னோக்கிப் போவதால் தெருவில் நிற்பவர் கண்ணில் நிற்பது அந்த விளிம்புதான். உங்கள் சுவரோ அதற்கு மேல் இரண்டு மீட்டர் செங்குத்தாக எழும்பி நிற்கும். முன்பக்கக் கைப்பிடிச் சுவரை எடுத்துவிட்டு, ஒரு மீட்டர் உள்ளே தள்ளி மெல்லிய கம்பிக் கைப்பிடி வைத்தால் திடமான விளிம்பு 6.45-க்கு இறங்கிவிடும்.

மேல்தளத்தையே 1.5 மீட்டர் பின்னே தள்ளுவது இன்னும் நல்லது. ஆனால் அப்போது மேல்சுவர் கீழ்ச்சுவரின் மேல் உட்காராது. அடியில் பீம் வேண்டும். கட்டமைப்புப் பொறியாளரிடம் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முன்னால் கிடைக்கும் திறந்த மாடித்தரையின் மட்டம், தரைவேலை எல்லாம் முடிந்த பிறகும், அறைத் தரையைவிட 15 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். இதை மறந்து ஒரே மட்டத்தில் காங்கிரீட் போட்டால், முதல் பெருமழையிலேயே கதவடியில் தண்ணீர் உள்ளே வரும்.

அகலத்துக்கும் இதே கவனம். சுற்றிலும் 8 மீட்டர் முகப்புகள், உங்களுடையது 14 என்றால் முகப்பை இரண்டாகப் பிரியுங்கள். நடுவில் விடும் பள்ளம் 60 செ.மீ.யாவது வேண்டும், 10 செ.மீ. பள்ளத்தின் நிழல் தெருவுக்குத் தெரியாது. கார் நிறுத்தும் இடத்தின் கதவு ஒருபோதும் முகப்புக்கு முன்னே துருத்தக் கூடாது.

அக்கம்பக்கத்தில் இருக்கும் பொருள் ஒன்றை எடுத்தாளுங்கள். செங்கலோ கல்லோ, ஒன்றே போதும். வெள்ளைப் பூச்சென்றால் ஜன்னல் அடிக்கட்டை சுவரைவிட 4 செ.மீ. நீட்டி, அதன் அடிப்பக்கம் ஒரு செ.மீ. காடி (நீளவாக்கில் சிறு பள்ளம்) வெட்டச் சொல்லுங்கள். காடி இல்லாவிட்டால் தண்ணீர் சுவரோடு வழிந்து, ஜன்னலுக்கு ஜன்னல் கறுப்புக் கோடு விழும்.

முன்னால் வளர்ந்த மரம் இருந்தால் அடிமர விட்டத்தைப் போல் 12 மடங்கு தூரம் வரை தோண்டாதீர்கள். 30 செ.மீ. மரத்துக்கு அது 3.6 மீட்டர். மணல், ஜல்லியையும் அந்த வட்டத்துக்குள் கொட்ட விடாதீர்கள். மண் இறுகினால் வேருக்குக் காற்றும் நீரும் போகாது.