இரண்டு தவணையில் போன கல்

எனக்கு இடது சிறுநீரகத்தில் 13 மி.மீ. கல். சி.டி. ரிப்போர்ட்டில் அதன் அடர்த்தி 1180 ஹெச்.யூ. (சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு) என்று போட்டிருந்தது. ஆர்.ஐ.ஆர்.எஸ். என்ற முறையில், சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரே தடவையில் இல்லை. முதல் தடவை கல் இருக்கும் இடத்துக்குப் போகவே முடியாமல் திரும்பி வந்தார்கள். இரண்டாம் தடவைதான் வேலை முடிந்தது. நடுவில் இருந்த நாட்களில் எங்கள் வீடு பட்ட பாடு கொஞ்சமில்லை. இப்படியும் நடக்கும், இது ஆபத்தும் இல்லை, தோல்வியும் இல்லை என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பயத்தில் பாதிக்கு மேல் குறைந்திருக்கும். இதே சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மதுரையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தகரக் கூரை. சித்திரை, வைகாசியில் குடிக்கிற தண்ணீரெல்லாம் வேர்வையாகவே போய்விடும். காலையில் வேலையில் நின்றால் சாயங்காலம் வரை ஒன்னுக்குப் போகும் நினைப்பே வராது. பட்டறைக்காரர்கள், அடுப்படியில் நிற்கும் மாஸ்டர்கள், லாரி ஓட்டுபவர்கள் என்று எங்களைப் போன்றவர்களிடம் விசாரித்தால் கல்லடைப்பு வந்த ஆள் ஒருவராவது கிடைப்பார். அதோடு எங்கள் அப்பாவுக்கும் கல் வந்திருக்கிறது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வாய்ப்பு அதிகம்.

வலியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும். முதுகில் விலாவுக்குக் கீழே ஆரம்பித்து அடிவயிறு வழியாக விரை வரை இறங்கியது, வாந்தி வேறு. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் அடங்கியது. அடங்கிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வலி இல்லாமலே கல் சிறுநீர்க்குழாயை அடைத்துக்கொண்டு சிறுநீரகத்தைக் கெடுக்க முடியும். எனக்கு ஏற்கெனவே சிறுநீரகம் லேசாக வீங்கியிருந்தது.

சிறுநீரகவியல் டாக்டர் சி.டி. படத்தைத் திரையில் போட்டு நிதானமாக விளக்கினார். 5 மி.மீ.க்குள் இருக்கும் கல் பெரும்பாலும் தானாகவே வந்துவிடுமாம். 10 மி.மீ.யைத் தாண்டினால் அந்த நம்பிக்கை குறைவு. எனக்கு இருந்தது, சிறுநீரகத்திலிருந்து குழாய் கிளம்பும் வாய்க்குப் பக்கத்தில். மூன்று வழிகளைச் சொன்னார்.

முதலாவது, வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைப்பது. 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌஸி என்ற டாக்டரின் குழு முதன்முதலில் இதை ஒரு நோயாளிக்குச் செய்தது. கருவியைச் செய்து கொடுத்தது டார்னியர் என்ற விமானக் கம்பெனி. அதிவேகத்தில் பறக்கும் விமானத்தின் மேல் மழைத்துளி மோதினால் உலோகத்துக்குள் அதிர்வலை பாய்ந்து சேதம் உண்டாகிறது என்று அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆராய்ச்சிதான் கல் உடைக்கும் எந்திரமாக வந்து முடிந்தது. உலோகத்தோடு பிழைக்கிற எனக்கு இதைப் படித்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் என் கல்லுக்கு அது சரிப்படவில்லை. அடர்த்தி ஆயிரத்தைத் தாண்டினால் கல் கெட்டி. அதிர்வலைக்கு லேசில் உடையாது, உடைந்தாலும் பெரிய துண்டுகளாக இறங்கிக் குழாயை அடைக்கலாம்.

இரண்டாவது, முதுகுப் பக்கம் ஒரு துளை போட்டு நேராகச் சிறுநீரகத்துக்குள் போவது. பி.சி.என்.எல். என்பார்கள். 1976-இல் ஸ்வீடனில் ஃபெர்ன்ஸ்ட்ராம், யோஹான்சன் என்ற இருவர் தொடங்கிவைத்தது. 2 செ.மீ.க்கு மேற்பட்ட கற்களுக்கு இன்றும் இதுதான் முதல் தேர்வு. முன்பெல்லாம் 8 முதல் 10 மி.மீ. வரை துளை போடுவார்கள். இப்போது மினி முறையில் கிட்டத்தட்ட 5 மி.மீ.யில் முடித்துவிடுகிறார்கள்.

மூன்றாவதுதான் ஆர்.ஐ.ஆர்.எஸ். சிறுநீர் வரும் வழியாகவே, மூத்திரப்பை வழியாக, குழாயில் ஏறி, சிறுநீரகத்துக்குள் போவது. உள்ளே போகும் கருவியின் கனம் ஏறக்குறைய 3 மி.மீ. நுனியில் கேமரா. நுனி 270 டிகிரி வரை மடங்கும். அதற்குள்ளே போகும் லேசர் இழை 200 மைக்ரான், அதாவது 0.2 மி.மீ. பட்டறையில் மைக்ரானை அளந்து அளந்து பார்த்த ஆள் என்பதால், அந்தக் கருவியைப் பார்த்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. இத்தனை மெல்லிய குழலுக்குள் கேமராவும் வேண்டும், தண்ணீர் போகவும் வழி வேண்டும், லேசருக்கும் இடம் வேண்டும், நுனியை வளைக்கக் கம்பியும் வேண்டும். யோசித்துச் செய்த கைகளுக்குக் கும்பிடு.

அப்பாவையும் கூட்டிப் போயிருந்தேன். 80-களின் கடைசியில் பெரியாஸ்பத்திரியில் அவருக்குக் கல் எடுத்தார்கள். முதுகிலிருந்து விலா ஓரமாக முன்வயிறு வரை தழும்பு ஓடும். மாதக்கணக்கில் வேலைக்குப் போகவில்லை. வீட்டு நகை அப்போது அடகுக் கடைக்குப் போனது. டாக்டர் பேசி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தவர், சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, "அப்ப தம்பியக் கிழிக்க மாட்டீங்கள்ல சார்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இல்லைய்யா, கத்தியே வைக்கிறதில்ல" என்றார் டாக்டர். அப்பா சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் முன்னேற்பாடுகள். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எல்லாம் வழக்கமானதுதான். ஆனால் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, சிறுநீர் கல்ச்சர் என்று ஒன்று எடுப்பார்கள். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். "அதுவரை எதுக்குக் காத்திருக்கணும்" என்று அவசரப்படாதீர்கள். கிருமி இருக்கும்போது உள்ளே தண்ணீரைச் செலுத்தி வேலை செய்தால் அது ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்குக் கிருமி இருந்தது. மாத்திரை கொடுத்து, அது போன பிறகுதான் தேதி குறித்தார்கள். ஆபரேஷன் தள்ளிப் போகிறதே என்று சலித்துக்கொண்ட சொந்தக்காரர்களுக்கு இதை நான் பாடமாகவே நடத்த வேண்டியிருந்தது.

முதல் ஆபரேஷன் அன்று முழு மயக்கம். கண் விழித்தபோது வலி அதிகமில்லை, மூத்திரம் வடிய ஒரு குழாய் மட்டும் சொருகியிருந்தது. வீட்டுக்காரம்மா முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று புரிந்தது. "உள்ள போக முடியலையாம்ங்க. ஸ்டென்ட் மட்டும் வெச்சிருக்காங்களாம். ரெண்டு மூணு வாரம் கழிச்சுத் திரும்பப் பண்ணணுமாம்" என்றாள். ஸ்டென்ட் என்பது சிறுநீர்க்குழாய்க்குள் வைத்துவிடும் மெல்லிய குழல்.

அதற்குள் வெளியே வராண்டாவில் மாமா, "ஒருக்க பண்ண வேண்டியத ரெண்டு தடவையாக்கிக் காசு பாக்குறாய்ங்க" என்று ஆரம்பித்துவிட்டார். அப்படி நினைப்பது அவர் குற்றமில்லை. விளக்கம் சொல்லப்படாத இடத்தில் சந்தேகம்தான் வந்து உட்காரும்.

சாயங்காலம் டாக்டர் வந்து விளக்கினார். சிறுநீர்க்குழாயின் நீளம் ஏறக்குறைய 25 செ.மீ., உள்விட்டம் 3, 4 மி.மீ.தான். ஆளுக்கு ஆள் மாறும். கருவியோடு ஒரு வழிகாட்டிக் குழலும் போக வேண்டும் என்பதால் சிலருக்கு இடம் போதாது. அழுத்தித் தள்ளினால் குழாய் கிழியலாம்; அரிதாக, முழுக் குழாயே பிய்ந்து வந்துவிடலாம். அப்படி நடந்தால் வயிற்றைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும். ஸ்டென்ட் வைத்துவிட்டால் குழாய் தானாகவே தளர்ந்து விரிந்து கொடுக்கும். பிறகு சிரமமில்லாமல் ஏறிவிடலாம்.

எனக்கு அது சட்டென்று புரிந்தது. துளைக்குள் டூல் இறங்க மறுத்தால், நல்ல கைக்காரன் சுத்தியலை எடுக்க மாட்டான். வெளியே எடுத்து, அளவு பார்த்து, வழி பண்ணிக்கொண்டு வருவான். அந்த டாக்டர் மீது எனக்கு முழு நம்பிக்கை வந்ததே அவர் பாதியில் திரும்பி வந்ததால்தான். வெட்டில்லாத சிகிச்சைகளில் திறமை என்பது உள்ளே போவதில் மட்டும் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதும் அதில் சேர்த்தி. ஆனாலும் ஒப்புதல் படிவத்தில் எங்கோ ஒரு வரியாக இருந்த இந்தச் சேதியை ஆபரேஷனுக்கு முன்பே வாய்விட்டு இரண்டு நிமிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று அவரிடமே சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

இன்ஷூரன்ஸிலும் இது ஒரு முடிச்சு. கல் எடுக்க அனுமதி வாங்கியிருந்தோம், நடந்தது ஸ்டென்ட் மட்டும். இரண்டாம் முறைக்குப் புதிதாக அனுமதி கேட்டபோது, அதே ஆபரேஷன் ஏன் மறுபடி என்று கேள்வி வந்தது. முதல் ஆபரேஷனில் என்ன நடந்தது என்று டாக்டர் எழுதிய குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருந்ததால் பிழைத்தோம். டிஸ்சார்ஜ் சம்மரியோடு அதையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: உள்ளே போகும் கருவி ஒரே தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வகையா, சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தும் வகையா என்று கேளுங்கள். பில்லில் பெரிய வித்தியாசம் வரும் இடம் அது.

இனி ஸ்டென்ட். இதைப் பற்றித்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. 2 மி.மீ. கனத்தில் மெத்தென்ற குழல். இரண்டு முனையும் சுருண்டு கொக்கியாக இருக்கும். மேல் கொக்கி சிறுநீரகத்தில், கீழ்க் கொக்கி மூத்திரப்பையில். வைத்திருப்பதே தெரியாது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஒன்னுக்குப் போகும்போது இடுப்புக்கு மேலே முதுகில் சுரீரென்று பிடிக்கும். சிறுநீர் ஸ்டென்ட் வழியாகக் கொஞ்சம் மேலே ஏறுவதால் வருவது அது. போய்விட்டு வந்த கால்மணி நேரத்தில் மறுபடி முட்டும். வண்டியில் பள்ளம் மேட்டில் போய் வந்தால் சிவப்பாகப் போகும். இரண்டு செம்பு தண்ணீர் குடித்துப் படுத்தால் தெளியும். முக்காமல், நிதானமாக உட்கார்ந்து போனால் முதுகு வலி குறைகிறது என்று நானே கண்டுகொண்டேன். பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்; குழாயையும் பையையும் தளர்த்தும் மாத்திரைகள் இருக்கின்றன, எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் குளிர்காய்ச்சல் வந்தாலோ, கட்டியாக ரத்தம் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டாம் முறை கருவி தடையில்லாமல் ஏறியது. ஹோல்மியம் லேசரால் கல்லைப் பொடியாக்கினார்கள். கொஞ்சம் பெரிய துண்டுகளைச் சின்னக் கூடை வைத்துப் பிடித்து வெளியே எடுத்தார்கள். வீக்கம் இறங்கும் வரை மறுபடியும் ஒரு ஸ்டென்ட். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்கென்று தனியாக ஒரு டீ வடிகட்டி வாங்கி, சிறுநீரை வடிகட்டிப் பார்த்தேன். முதலில் பழுப்பு மணல். பிறகு சோம்பு நுனி அளவுக்குச் சில துணுக்குகள். பட்டறையில் வெர்னியரில் வைத்துப் பார்த்தேன். பெரியதுகூட 2 மி.மீ. இல்லை. பரிசோதனைக்குக் கொடுத்ததில் கால்சியம் ஆக்சலேட் வகைக் கல் என்று வந்தது. கல்லைச் சோதனைக்கு அனுப்பாமல் விடாதீர்கள். அடுத்த கல்லைத் தடுக்கும் வழி அதில்தான் இருக்கிறது.

ஸ்டென்ட் எடுப்பதற்கு மயக்கம் இல்லை. மரத்துப்போக ஜெல்லி போட்டு, கேமரா குழலை விட்டு, கீழ்க் கொக்கியைப் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். உள்ளே நுழையும் இடத்தில் ஒரு கணம் கடுக்கும். கால் விரல்களை ஆட்டிக்கொண்டு மூச்சை இழுத்து விடச் சொன்னார் சிஸ்டர், அது உதவியது. எடுத்த ஸ்டென்டைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். சிறுநீரகத்தில் இருந்த முனையில் மஞ்சளாக லேசான படிவு இருந்தது. சில வாரத்துக்கே இப்படி.

அன்று அங்கே காத்திருந்தவர்களில் ஒருவர் வளைகுடாவில் வேலை செய்பவர். ஸ்டென்ட் வைத்த கையோடு விமானம் ஏறியிருக்கிறார். வலி இல்லாததால் மறந்தே போனது. வருடம் கழிந்து வந்து பார்த்தால் ஸ்டென்ட் முழுக்கக் கல் கட்டி, இழுத்தால் வராத நிலை. மேலிருந்தும் கீழிருந்தும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஸ்டென்ட் வைத்துக்கொள்ளும் ஒவ்வொருவரும், எடுக்கும் தேதியை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி, காலண்டரிலும் குறித்து வையுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்போது பட்டறையில் லேத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர் கேன் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். குடிக்கும் அளவு அல்ல, போகும் அளவுதான் கணக்கு. வேர்க்கிற தொழிலில் இருப்பவர்கள் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். உப்பைக் குறைக்கச் சொன்னார், எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொன்னார், பாலக்கீரையை அடிக்கடி வேண்டாம் என்றார். பால், மோரை நிறுத்தச் சொல்லவில்லை. கால்சியம் என்ற பெயரைப் பார்த்துப் பாலை நிறுத்துபவர்கள் நிறையப் பேர். சாப்பாட்டில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்வதால் நிறுத்தினால்தான் கெடுதி. வாழைத்தண்டு பொரியல் வாரம் ஒருமுறை வீட்டில் உண்டு, ருசிக்காக. 13 மி.மீ. கல்லை அது கரைத்துவிடும் என்று நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

கடைசி ஸ்கேனில் சிறுநீரக வீக்கம் முழுதாக வடிந்திருந்தது. கீழ் அறையில் துளிப் பொடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தானாகப் போகலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார் டாக்டர். என் தம்பிக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் கூட்டிப் போகிறேன்.