மூன்று எண்ணிக்கையில் ஒரு பாட்டு

"எதைத் திருப்பி வைக்கிறோம் என்று தெரிந்துதான் வைக்கிறீர்களா?" என்று அந்தப் பாடகி ஒத்திகையின் நடுவே என்னிடம் கேட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்று நான் சொன்ன பதில் தவறு என்று இன்றும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சரி என்று சொல்லவும் நா எழவில்லை.

'ஷஃபிள் அலாங்' என்ற அமெரிக்க இசை நாடகத்தின் பாடல்களை ஒரு சிறு குழு மீண்டும் மேடையேற்றியபோது, வாத்தியக்காரர்களுக்கான இசைத்தாள்களைத் தயாரித்தது நான். 1921 மே 23 அன்று நியூயார்க்கின் 63ஆம் தெரு அரங்கில் தொடங்கி 504 காட்சிகள் ஓடிய அந்த நாடகத்தை எழுதியவர்கள், இசையமைத்தவர்கள், நடித்தவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். 'ஐ'ம் ஜஸ்ட் வைல்ட் அபவுட் ஹாரி' பாடலை இசையமைப்பாளர் யூபி பிளேக் முதலில் வியன்னா வால்ட்ஸாகத்தான், அதாவது மூன்று எண்ணிக்கையில் சுழலும் ஐரோப்பிய நடன இசையாகத்தான், அமைத்திருந்தார். கறுப்பர் நாடகத்தில் வால்ட்ஸை யார் ஏற்பார்கள் என்று நாயகி லாட்டி கீ வற்புறுத்தியதால், மனமில்லாமல் இரண்டு எண்ணிக்கையில் ஓடும் ஒன்-ஸ்டெப்பாக மாற்றினார். உலகம் அறிந்தது அந்த மாற்றிய வடிவத்தைத்தான்.

நான் அதை மூன்றுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு தாளச் சுற்றிலும் முதல் எண்ணிக்கையை மட்டும் தாழ்ந்த குரலுள்ள டபுள் பேஸுக்குக் கொடுத்து, மற்ற இரண்டையும் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவிடம் மெல்லத் தொட்டுச் செல்ல விட்டேன். அந்த வேலையில் எனக்கு உண்மையாகவே பெருமிதம் இருந்தது.

பாடகி சொன்னார்: "லாட்டி கீ பயந்துபோய்க் கேட்கவில்லை, அரங்கை அறிந்து கேட்டார். இந்தப் பாட்டு பிழைத்தது அவரால். அவரை அழித்துவிட்டு அதற்கு மீட்பு என்று பெயர் வைக்கிறீர்கள்." "இசையமைத்தவர் விரும்பியது இதைத்தான்" என்றேன் நான்.

என் பக்கமும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். கறுப்பர் இருவர் உண்மையாகக் காதலித்துப் பாடுவதை வெள்ளைப் பார்வையாளர்கள் பொறுப்பார்களா என்று அஞ்சி, 1921இல் முதல் நாள் பாடலாசிரியர் நோபல் சிஸ்ஸலும் மற்றவர்களும் ஓடுவதற்கு ஆயத்தமாகக் கதவருகே நின்றார்கள். பியானோவை விட்டு நகர முடியாத பிளேக் மட்டும் உள்ளே இருந்தார். அப்படிப்பட்ட காலத்தில் எடுத்த முடிவைச் சுதந்திரமான முடிவு என்று எப்படிக் கொள்வது? 1952இல் கதையைத் திருத்தி மேடையேற்றியபோது நான்கே காட்சிகளில் நின்றுபோனதையும் அறிந்தவன் என்பதால், பிற்காலத் திருத்தம் என்றாலே எனக்கு அச்சம்.

ஆனால் நான் செய்ததும் திருத்தம்தானே? பிளேக் கைப்பட எழுதிய வால்ட்ஸ் தாள் என் மேசையில் இருக்கவில்லை. நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றைக் கொண்டு நானே எழுதியதுதான் அது. இன்னொன்றும் உறுத்துகிறது. கறுப்பர்களுக்கு இசைத்தாளைப் படிக்கத் தெரியும் என்று பார்வையாளர்கள் நம்பமாட்டார்கள் என்பதால், அன்றைய வாத்தியக்காரர்கள் முழு இசையையும் மனப்பாடம் செய்து தாளில்லாமல் வாசித்தார்கள் என்று பிளேக் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தாளே தென்படக் கூடாதென்றிருந்த ஒரு மேடைக்கு, தாளைக் காட்டி நான் வாதாடினேன்.

இயக்குநர் என் பக்கம் தீர்ப்புச் சொன்னார். வாதத்தைக் கேட்டல்ல, எல்லாத் தாள்களையும் மாற்றி எழுத நாளில்லை என்பதால். அந்தப் பெண் பிறகு ஒரு சொல்லும் சொல்லவில்லை, மூன்று எண்ணிக்கையிலேயே மிக அழகாகப் பாடினார். அந்த அழகை என் வெற்றியாக எண்ணிக்கொண்டு வீடு திரும்பியது இப்போது வலிக்கிறது.

கடந்த ஆண்டு வேறொரு குழு கேட்டபோது இரண்டு வடிவங்களையும் எடுத்துவைத்தேன். எது மேலே இருக்க வேண்டும் என்று வெகுநேரம் யோசித்தேன். வால்ட்ஸையே மேலே வைத்து அனுப்பினேன்.