பக்கவாதத்துக்குப் பிறகு பனியில் நடக்கப் பழகியது

பக்கவாதத்தால் இடப்பக்கம் தளர்ந்த காரைக்குடிப் பெண் ஒருத்தி, மகள் வீட்டுக்குப் போன இடத்தில் பனியில் புதையாமல் நடக்க உதவும் ஸ்னோஷூவைக் காலில் மாட்டிக்கொண்டு கனடாவின் பனிக்காட்டில் நடந்தாள் என்றால், கேட்பவர்கள் எல்லோரும் ‘விழவில்லையா?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். விழுந்தேன். விழுந்தால் எப்படி எழுவது என்பதுதான் அங்கே எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம். பக்கவாதத்திலிருந்து மீண்ட பிறகு, வீட்டுக்குள் நடக்க முடிகிறதே, அது போதும் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லக் கேட்டு அத்தோடு நின்றுவிட்டவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

என் மூளையின் வலப்பக்கத்துக்குச் செல்லும் ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டது. வாய் கோணியதைக் கண்ட என் கணவர் சற்றும் தாமதிக்காமல் மதுரைக்கு அழைத்துச் சென்றதால், அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டிய, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட முடிந்தது. உயிரும் பேச்சும் தப்பின. இடது கால் மட்டும் முழுமையாகத் திரும்பவில்லை. முன்பாதத்தை மேலே தூக்கும் தசை வலுவிழந்தால் அடியெடுக்கும்போது விரல்கள் தரையில் உரசும். அதைத் தவிர்ப்பதற்காக உடம்பு தானாகவே இடுப்பை ஏற்றி, காலைப் பக்கவாட்டில் அரைவட்டமாக வீசி நடக்கப் பழகிவிடும். கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் தாங்கியை அணிந்தபடி, அந்த வீச்சை விட்டுவிட்டு முழங்காலை மடக்கி நேராகத் தூக்கி வைக்க வேண்டும் என்று இயன்முறை மருத்துவர் சொன்னார்.

அதற்கு எங்கள் வீடே பயிற்சிக்கூடமாயிற்று. செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வாசலுக்கு வாசல் உயர்ந்த நிலைப்படி உண்டு. நிலைப்படியை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும் என்பது சிறு வயதிலிருந்தே எங்களுக்குச் சொல்லப்பட்டது. நோய்க்குப் பிறகு அந்த வழக்கம் மருத்துவமாகவே மாறியது. நிலையைப் பிடித்துக்கொண்டு, இடது முழங்காலை உயர்த்தி, படியில் இடிக்காமல் அந்தப்புறம் பாதத்தை வைப்பேன். வளவு என்னும் உள்முற்றத்தின் தூண்களைப் பிடித்தபடி ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நடப்பேன். அந்தத் தரை வழவழப்பானது. ஈரம் இருந்தால் அதில் கால் வைக்கவே மாட்டேன்.

ஒட்டாவாவில் இருக்கும் மகளிடம் குளிர்காலத்தில் போக நேர்ந்தபோது எனக்கு இருந்த அச்சமெல்லாம் நகரத்து நடைபாதைகளில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியைப் பற்றியதுதான். ஆற்றுக்கு அக்கரையில், கியூபெக் மாகாணத்தில் உள்ள கேட்டினோ பூங்காவில் ஸ்னோஷூ நடப்பதற்கென்றே குறியிட்ட பாதைகள் இருக்கின்றன. மருத்துவரின் சம்மதம் கிடைத்த பிறகே மகள் என்னை அங்கே அழைத்துச் சென்றாள்.

காலில் சுளகைக் கட்டிக்கொண்டது போல அகலமாக இருக்கும் ஸ்னோஷூ, உடம்பின் எடையைப் பரவலாகத் தாங்கி, பாதம் பனிக்குள் புதையாமல் காக்கிறது. அந்த மண்ணின் பழங்குடி மக்கள் மரச்சட்டத்தை வளைத்து, தோல்வாரால் பின்னி இதைச் செய்தார்கள். இப்போது அலுமினியச் சட்டமும் பிளாஸ்டிக் தளமும் கொண்டவை அதிகம். முன்பாதத்துக்கு அடியில் உள்ள உலோகப் பற்கள் இறுகிய பனியைக் கவ்விக்கொள்கின்றன. பாதத்தின் முன்பகுதி மட்டும் கட்டப்பட்டு, குதிகால் விடுபட்டே இருக்கும். பாதம் சுழலும்படி அமைந்த வகையில், காலைத் தூக்கும்போது ஸ்னோஷூவின் வால் தாழ்ந்து நுனி மேலே எழுகிறது. விரல் உரசும் என்ற பயத்திலேயே நாளெல்லாம் நடக்கும் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் முழங்காலைத் தூக்காமல் காலை வீசினால் ஒரு சட்டத்தின் மேல் மற்றொன்று ஏறிவிடும். “ஆத்தா, நிலைப்படி இருக்குன்னு நினைச்சுக்கிட்டுத் தூக்கி வைங்க” என்றாள் மகள். இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சியாளரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. கால்களைச் சற்று அகற்றி வைத்து, இரு கைகளிலும் கோல் ஊன்றி, அவள் மிதித்துச் சமன்செய்த தடத்திலேயே அடி வைத்தேன். புதுப் பனியில் தடம் போடுபவருக்குத்தான் உழைப்பு அதிகம். பின்னோக்கி நடக்கக் கூடாது, வால் பனியில் குத்திக்கொள்ளும். திரும்ப வேண்டுமென்றால் வட்டமாகச் சுற்றி வர வேண்டும். விழுந்தால் பக்கவாட்டில் உருண்டு, மண்டியிட்டு, வலுவான காலை முதலில் ஊன்றி எழ வேண்டும். மென்மையான பனி என்பதால் எனக்கு அடிபடவில்லை. இருந்தாலும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் தலையில் லேசாக அடிபட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குளிரைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் உயரும். தளர்ந்த பக்கத்துத் தசைகளின் இறுக்கமும் பலருக்குக் கூடும். உணர்ச்சி குறைந்த பாதம் விறைத்துப்போனாலும் நமக்குத் தெரியாது, ஆகவே திரும்பி வந்ததும் காலுறையைக் கழற்றி விரல்களைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். புறப்படும் முன் அழுத்தத்தை அளந்தோம். கடுங்குளிர் நாட்களில் போகவில்லை. பக்கவாதத்துக்குப் பின் வரும் சோர்வு முன்னறிவிப்பில்லாமல் தாக்கும் என்பதால், தெம்பு இருக்கும்போதே திரும்பிவிடுவது எங்கள் வழக்கமாக இருந்தது.

பைன் மரங்களுக்கிடையே அப்படி நடந்தபோது தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடிகளோடு செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தினர் நடந்து செல்லும் காலம் அது. சிங்கம்புணரி, நத்தம் வழியாக அந்தக் கூட்டத்தோடு நடந்தவள் நான். நோய் வந்த பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அங்கே, கோலை ஊன்றி நின்று மூச்சு வாங்கிய இடத்தில், வாய்விட்டு அரோகரா சொன்னேன்.

ஊர் திரும்பியதும், அந்த நடைப்பயணத்தில் மறுபடியும் சேரலாமா என்று இயன்முறை மருத்துவரிடம் கேட்டேன். தார்ச்சாலையின் சூடும் கூட்டத்தின் நெருக்கடியும் பனிப்பாதையில் இல்லாதவை என்று அவர் எச்சரித்தார். பிறகு, குன்றக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி வரை, விடியற்காலையில், கோலும் துணையும் வைத்துக்கொண்டு, கார் பின்னால் வரும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். கனடாவில் வாங்கிய கோல்களின் பனி வளையங்களைக் கழற்றிவிட்டு ரப்பர் முனைகளை மாட்டியிருக்கிறேன். செம்மண் பாதையிலும் அவை நன்றாகவே ஊன்றுகின்றன.