இரண்டு பல் தடம்

நாய் கடித்துவிட்டது என்று அந்தப் பூனையைத் தூக்கி வந்தார்கள். உள்தொடையில் இரண்டே இரண்டு பல் தடம். வெளியே ரத்தம் அதிகம் வழியவில்லை. ஆனால் தொடை வீங்கி இறுகிக்கொண்டே வந்தது. நாய் கவ்வி உலுக்கும்போது தோல் தப்பித்துவிடும். அடியில் இருக்கும் தசையும் ரத்தக்குழாயும்தான் கிழியும்.

இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 130. வேலைக்கு வந்த புதிதில் இந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்திருப்பேன். மிரண்டுபோய் வரும் பூனைக்குத் துடிப்பு 200-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ரத்தம் இழந்த நாய்க்குத் துடிப்பு எகிறும். பூனைக்கோ பல நேரம் குறைந்து, உடம்பும் சில்லிட்டுவிடும். 4 கிலோ பூனையின் உடம்பில் மொத்த ரத்தமே கால் லிட்டர்தான்.

இரண்டு தொடைகளிலும் ஒரே நேரத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் நாடி கிடைத்தது, வலது பக்கம் இல்லை. வலது பாதம் குளிர்ந்து வெளுத்திருந்தது. ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியிலும் சத்தமே இல்லை. உடம்பைச் சூடேற்றி, ரத்த வகை பார்த்து, ரத்தம் ஏற்றினோம். பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தம் ஏற்றினால் முதல் தடவையிலேயே உயிர் போகலாம். எவ்வளவு அவசரமானாலும் அந்தச் சோதனையை நான் விடுவதில்லை.

முன்பு ஒருமுறை இப்படிப்பட்ட வீக்கத்தை நேராகக் கீறிவிட்டேன். உள்ளே அடைத்து நின்ற ரத்தம் பீறிட்டது. பதற்றத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இடுக்கியைப் போட்டு, கிழிசலைப் பெரிதாக்கினேன். அந்தப் பூனை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் காயத்துக்கு மேலே, இடுப்பு மடிப்புக்குப் பக்கத்தில் தமனியைத் தேடிப் பிடித்து, ரத்தத்தை நிறுத்த நாடா போட்ட பிறகுதான் வீக்கத்தைத் திறக்கிறேன்.

தமனி தீக்குச்சித் தடிமன்கூட இல்லை. பாதிச் சுற்றளவுக்குக் கிழிந்திருந்தது. கட்டிவிட்டாலும் பூனைக்குக் கிளைக்குழாய்கள் வழியாகப் பெரும்பாலும் கால் பிழைக்கும். இங்கே தசையே நசுங்கிக் கிடந்ததால் அதை நம்ப மனம் வரவில்லை. கிழிந்த சிரையை மட்டும் கட்டிவிட்டு, தமனியை உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு மெல்லிய நூலால் தைத்தேன். அப்புறம் ரத்தத்தை நிறுத்தத் தமனியில் போட்டிருந்த கிளிப்புகளில் கீழ்ப்பக்கக் கிளிப்பை முதலில் எடுத்தேன், காற்று வெளியேற வேண்டும் அல்லவா. பிறகு மேல்பக்கம்.

தமனி சுருங்கியே கிடந்தது. அதைத் தளர்த்த வெதுவெதுப்பான உப்புநீரும் சில சொட்டு லிக்னோகெய்ன் மருந்தும் விட்டுக் காத்திருந்தோம். யாரும் பேசவில்லை. உதவியாளர் டாப்ளரைப் பாதத்தில் வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் "உஷ், உஷ்" என்று சத்தம் வந்தது.